1-க்கு 400: பாடநூல் கைவிட்ட கணக்கு

2022-ஆம் ஆண்டு தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) தன் பாடநூல்களைச் சுருக்கியபோது, 11ஆம் வகுப்பு உயிரியல் நூலிலிருந்து 3 அத்தியாயங்கள் முழுமையாக நீக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு தாவரவியலைச் சார்ந்தவை: ‘தாவரங்களில் கடத்தல்’, ‘கனிம ஊட்டம்’. அவற்றை அடுத்து வந்த ‘உயர் தாவரங்களில் ஒளிச்சேர்க்கை’ என்னும் அத்தியாயம் மட்டும் தங்கிற்று. 2024-ஆம் ஆண்டு நீட் தேர்வுக்காகத் திருத்தப்பட்ட பாடத்திட்டமும் இதே வழியில் சென்றது. அந்த ஆண்டு அத்தேர்வுக்குப் பதிவு செய்தோர் ஏறக்குறைய 24 இலட்சம் பேர். தாவரம் உணவு ஆக்கும் முறையைப் பயின்று, அந்த உணவுக்கான நீரும் உப்புகளும் எவ்வழியே வந்தன என்பதைப் பயிலாமலே மேனிலைப் பள்ளியை விட்டு வெளியேறும் தலைமுறை ஒன்று இவ்வாறு உருவாகிறது.

பாடநூல் சுருக்கம் குறித்த பொதுவிவாதம் பெரும்பாலும் வரலாற்றுப் பாடத்தையும், 10ஆம் வகுப்பில் நீக்கப்பட்ட பரிணாமப் பகுதியையும் சுற்றியே நிகழ்ந்தது. அவ்விவாதம் தேவையானதே. ஆனால் தாவர நீர்க்கடத்தலின் நீக்கம் அநேகமாக எவருடைய கவனத்தையும் ஈர்க்கவில்லை. அரசியல் சாயல் அற்ற ஒரு பாடம் சத்தமின்றி நீங்குவது இயல்பு. எனினும், பாசனத்தையும் நிலத்தடி நீரையும் நம்பி வாழும் ஒரு நாட்டில் இதைவிட அரசியல் பொருண்மை மிக்க பாடம் உயிரியல் நூலில் அதிகம் இல்லை. ஒளிச்சேர்க்கையை நீர்க்கடத்தலிலிருந்து பிரித்தால் எஞ்சுவது பாதி அறிவு. விடுபடும் மற்றப் பாதியே இந்திய வேளாண்மையின் மையச் சிக்கலைத் தாங்கி நிற்கிறது.

ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை எந்தப் பாடநூலிலும் காணலாம். ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடுக்கு ஒன்றோ இரண்டோ மூலக்கூறு நீர் என்பதே அச்சமன்பாடு காட்டும் விகிதம். வேதியியல் நோக்கில் இது முற்றிலும் சரி. ஆனால் வயலில் நிற்கும் ஒரு நெற்பயிர், ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடைத் தன்வயப்படுத்தும் நேரத்தில் ஏறத்தாழ 400 மூலக்கூறு நீரை ஆவியாக வெளிவிடுகிறது. சமன்பாட்டின் 1-க்கும் வயலின் 400-க்கும் இடையிலுள்ள இடைவெளியை விளக்குவதுதான் நீக்கப்பட்ட அத்தியாயத்தின் பணி.

அந்த இடைவெளிக்குக் காரணம் இலையின் அமைப்பிலேயே உள்ளது. காற்றில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு சுமார் 0.04 விழுக்காடு மட்டுமே. இவ்வளவு அரிதான பொருளைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்க இலை தன் துளைகளைத் திறந்தாக வேண்டும். இலையின் உட்புறமோ ஈரம் நிறைந்தது. அங்குள்ள காற்றிடைவெளிகள் நீராவியால் ஏறக்குறைய முழுச் செறிவு பெற்றவை. துளை திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே நுழைய, நீராவி விரைந்து வெளியேறுகிறது. நீராவியை வெளியே உந்தும் செறிவு வேறுபாடு, கார்பன் டை ஆக்சைடை உள்ளே உந்தும் வேறுபாட்டைப் போல் சுமார் 50 மடங்கு. நீர் மூலக்கூறு சிறியதாதலால் அதன் பரவல் வேகமும் கூடுதல். உணவின் மூலப்பொருள் நுழைவதற்கும் நீர் வெளியேறுவதற்கும் வாசல் ஒன்றே. ஒன்றை அடைத்து மற்றொன்றைத் திறக்கும் வழி இலைக்கு வாய்க்கவில்லை.

ஆகவே நீராவிப்போக்கு என்பது தாவரத்தின் வீண்செலவு அன்று. கார்பனைப் பெறுவதற்குத் தாவரம் செலுத்தும் விலை. வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பகுதி, பொதுவாக 95 விழுக்காட்டுக்கு மேல், இவ்விலையாகவே செலவாகிறது. ஒளிச்சேர்க்கையின் வேதிவினையில் நேரடியாகப் பங்கேற்பது 1 விழுக்காட்டிற்கும் குறைவு. காப்புச்செல்கள் வெளிச்சம், ஈரப்பதம், உட்புறக் கார்பன் டை ஆக்சைடு அளவு, வேரிலிருந்து வரும் வறட்சிக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு நாள் முழுதும் இந்தப் பேரத்தை நடத்துகின்றன. நண்பகலில் துளைகளை ஓரளவு மூடிக்கொள்ளும் பயிர் நீரைக் காக்கிறது; அந்த அளவுக்கு உணவாக்கத்தை இழக்கிறது. வறட்சியில் விளைச்சல் குன்றுவதன் முதற்படி பல வேளைகளில் பட்டினியே. தாகம் அதன் காரணம்.

நீர் மேலேறும் விதமும் இப்பேரத்தின் தொடர்ச்சியே. உறிஞ்சு பம்பு ஒன்று சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரைத் தூக்க இயலாது. கலிபோர்னியாவின் செம்மரங்களோ 100 மீட்டரையும் தாண்டி நிற்கின்றன. இப்புதிருக்கு 1894-இல் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் முன்வைத்த விளக்கமே இன்றளவும் நிலைபெற்றுள்ளது. இலையிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குப் பின்னுள்ளதை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகளின் கூட்டிணைவால் அந்த இழுவிசை சைலக் குழாய்களின் வழியே வேர்வரை இறங்குகிறது. நீர் கீழிருந்து தள்ளப்படுவதைக் காட்டிலும் மேலிருந்து இழுக்கப்படுகிறது. அந்தக் குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை. இழுவை மிகும்போது நீர்த்தம்பத்தில் குமிழி தோன்றினால் அக்குழாயின் வழி அறுபடுகிறது; கடும் வறட்சியில் மரங்கள் மடிவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இந்த விளக்கம் எளிதில் ஏற்கப்பட்டுவிடவில்லை. இதில் கல்கத்தாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1917-இல் தம் பெயரிலேயே ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜகதீஷ் சந்திர போஸ், 1923-இல் சாறேற்றம் குறித்துத் தனி நூல் வெளியிட்டார். நுண்ணிய மின்முனை ஒன்றைத் தண்டினுள் படிப்படியாகச் செலுத்தி, மின்மாற்றங்களைக் கால்வனாமீட்டரால் அளந்து, புறணியின் உள்ளடுக்கில் உள்ள உயிருள்ள செல்கள் துடிப்பதாலேயே சாறு ஏறுகிறது என்று அவர் முடிவு செய்தார். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, ஜெர்மானியத் தாவரவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர், வெட்டிய மரத்தண்டுகளுக்கு நஞ்சூட்டி உயிருள்ள செல்களைக் கொன்ற பின்னும் நீர் தொடர்ந்து ஏறுவதைக் காட்டியிருந்தார். துடிப்புக் கோட்பாடு நிலைக்கவில்லை. ஆனால் தாவரத்தில் மின்குறிப்புகள் ஓடுகின்றன என்ற போஸின் அடிப்படைக் கண்டறிதல் நிலைத்தது.

இந்திய மாணவருக்கு இதைவிடச் சிறந்த அறிவியல் முறைப் பாடம் கிடைப்பது அரிது. ஒரு பேரறிஞர் நுட்பமான கருவியை வடிவமைத்து, உண்மையான மின்மாற்றத்தை அளந்து, அதிலிருந்து தவறான முடிவுக்கும் சென்றிருக்கலாம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. அளவீடு வேறு, விளக்கம் வேறு. ஒன்று வாழ மற்றொன்று வீழலாம். போஸை வழிபடுவோரும் அவரை ஒதுக்குவோரும் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர். பல வழிகாட்டி நூல்களில் அவரது கோட்பாடு ஓர் ஒற்றை வரியாக, ‘துடிப்புக் கோட்பாடு – போஸ் – 1923’ என்று மனப்பாடத்திற்கு மட்டும் வைக்கப்பட்டிருந்தது. அத்தியாயம் நீங்கியதால் அந்த ஒற்றை வரிக்குப் பின்னே இருந்த விவாதத்தைத் திறந்து காட்டும் வாய்ப்பும் நீங்கிற்று.

ஆக்கப்பட்ட உணவின் பயணமும் நீரைச் சார்ந்ததே. 17ஆம் நூற்றாண்டில் மால்பிகி மரத்தின் பட்டையை வளையமாக உரித்தபோது, வளையத்திற்கு மேற்பகுதி பருத்தது. பட்டையின் வழியே உணவு இறங்குகிறது என்பதற்கு அது முதற்சான்று. 1930-இல் எர்ன்ஸ்ட் மியூன்ஷ் அதன் இயக்கத்தை விளக்கினார். இலையில் சர்க்கரை ஃபுளோயத்திற்குள் ஏற்றப்படும்போது சவ்வூடு பரவலால் அருகிலுள்ள சைலத்திலிருந்து நீர் உட்புகுகிறது, அழுத்தம் உயர்கிறது. வேரிலோ கதிரிலோ சர்க்கரை இறக்கப்படும்போது நீரும் வெளியேறி அழுத்தம் தாழ்கிறது. இவ்வழுத்த வேறுபாடே உணவைச் சுமந்து செல்கிறது. மேலே ஏறிய நீரின் ஒரு சிறு பங்கு, சர்க்கரையைச் சுமந்து மீண்டும் கீழே வருகிறது. ஒளிச்சேர்க்கையும் கடத்தலும் பாடநூலில்தான் இரண்டு அத்தியாயங்கள். தாவரத்தில் அவை ஒரே சுற்று.

பசுமைப் புரட்சியின் அறிவியல் உள்ளடக்கத்தைக்கூட இச்சுற்றை அறியாமல் விளங்கிக்கொள்ள இயலாது. குட்டைக் கோதுமையும் 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8 நெல்லும் தனி இலையின் ஒளிச்சேர்க்கைத் திறனைப் பெரிதாக உயர்த்தியதால் வெற்றி பெற்றவை என்று கருதுவது பிழை. தண்டுக்குச் செல்ல இருந்த சர்க்கரை கதிருக்குத் திருப்பப்பட்டது. மொத்த உயிர்ப்பொருளில் தானியத்தின் பங்கு உயர்ந்தது. உரம் மிகுந்தாலும் குட்டைப்பயிர் சாயாது நின்றது. அப்புரட்சியின் கரு, உணவு ஆக்கத்தைவிட உணவுப் பங்கீட்டில்தான் அதிகம் இருந்தது. அப்பங்கீட்டை விளக்கும் பாடமும் நீக்கப்பட்ட அத்தியாயத்திலேயே இருந்தது.

இந்த அறிவின் இன்மை வகுப்பறையோடு முடிவதில்லை. பஞ்சாபின் நிலத்தடி நீர் அதற்குச் சான்று. 1960-களின் தொடக்கத்தில் அம்மாநிலத்தில் நெல் விளைந்த பரப்பு இரண்டரை இலட்சம் ஹெக்டேருக்கும் குறைவு. இன்று அது சுமார் 30 இலட்சம் ஹெக்டேர். ஆண்டுதோறும் நிலத்துள் சேர்வதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான நீர் அங்கே வெளியே எடுக்கப்படுவதாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் கூறுகின்றன. உறுதியான அரசுக் கொள்முதலும் 1997 முதல் உழவர்க்கு வழங்கப்பட்ட இலவச மின்சாரமும் இதன் பின்னணியில் உள்ளன. இவை பொருளியல் காரணங்கள். தீர்வுகளை எடைபோடும் இடத்திலோ தாவர உடலியல் தவிர்க்க முடியாததாகிறது.

2009-இல் பஞ்சாப் அரசு நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. சூன் 10-க்கு முன் நெல் நாற்று நடலாகாது என்பது அப்போது அதன் மையவிதியாக இருந்தது. மேலோட்டமாக நோக்கினால் இது ஒரு நிர்வாகத் தேதி. உண்மையில், சட்டமொழியில் எழுதப்பட்ட தாவர உடலியல் அது. மே மாதத்திலும் சூன் தொடக்கத்திலும் அங்கு வீசும் காற்று கடும் வெப்பமும் வறட்சியும் கொண்டது. இலையின் உட்புற ஈரத்திற்கும் வெளிக்காற்றின் வறட்சிக்கும் உள்ள வேறுபாடு அப்போது மிகுதி. அதே அளவு கார்பனுக்குப் பயிர் கொடுக்கும் நீர்விலையும் மிகுதி. வயலில் தேங்கிய நீரின் ஆவியாதலும் அதிகம். பருவமழைக் காற்று நெருங்க நெருங்க அந்த விலை குறைகிறது. நடவைச் சில வாரங்கள் தள்ளுவது விலை குறையும்வரை காத்திருப்பதாகும்.

இதே தருக்கம் கோதுமையையும் விளக்குகிறது. நெல்லும் கோதுமையும் ஒரே வகை ஒளிச்சேர்க்கையைக் கொண்ட சி-3 பயிர்கள். இருந்தும் பஞ்சாபில் கோதுமை கேட்கும் நீர் வெகு குறைவு. குளிர்காலக் காற்றின் தாழ்ந்த வெப்பநிலை நீராவிப்போக்கைத் தானாகவே அடக்குகிறது. கோதுமை வயலில் நீர் தேக்கப்படுவதும் இல்லை. வேறுபாட்டின் பெரும்பகுதி பயிரின் குணத்தைவிடப் பருவத்திலும் வயல் மேலாண்மையிலும் உள்ளது. ஒரு பயிரை ‘தண்ணீர் குடிக்கும் பயிர்’ என்று முத்திரை குத்துவது எளிது. எந்தக் காற்றில், எந்த மாதத்தில், எத்தனை நாள் என்று கேட்பதே அறிவியல்.

நெல்வயலின் நீர் மூன்று வழிகளில் நீங்குகிறது: இலை வழியே ஆவியாக, நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாக, மண்ணூடே கீழிறங்கி. முதல் இரண்டும் வயலை விட்டே போய்விடுகின்றன. மூன்றாவதில் ஒரு பகுதி மீண்டும் நிலத்தடியைச் சேர்கிறது. ஆகவே, நேரடி விதைப்போ மாற்றுமுறைப் பாசனமோ ‘இத்தனை விழுக்காடு நீரைச் சேமிக்கிறது’ என்று அறிவிக்கப்படும்போது, சேமிக்கப்பட்டது எந்த வழியின் நீர் என்ற வினா எழ வேண்டும். கீழிறங்கும் நீரைக் குறைத்தால் பம்பு ஓடும் நேரமும் மின்சாரமும் நிச்சயம் குறையும். ஆனால் நிலத்தடி நீர்மட்டத்தின் நிகரச் சரிவு அதே அளவில் குறைந்துவிடாது. நீராவிப்போக்குக் கணக்கைப் பயிலாத பொறியாளரும் அதிகாரியும் இதழாளரும் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணுவர்; எண்ணியும் வருகின்றனர்.

சட்டத்திற்கு ஒரு பக்க விளைவும் நேர்ந்தது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. கோதுமை விதைப்புக்கு முன் உழவருக்குக் கிடைத்த இடைவெளி சுருங்கியது. வைக்கோல் எரிப்பு அக்டோபர் இறுதி, நவம்பர் நாள்களில் குவிந்தது. நீரைக் காத்த விதி காற்றைக் கெடுக்கத் துணைபோனதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். குறுகிய கால நெல்லே இதற்கு ஒரு விடை என முன்வைக்கப்படுகிறது. பூசா 44 சுமார் 160 நாள் நிலத்தில் நிற்க, லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஆர். 126 சுமார் 125 நாளில் விளைகிறது. உழவர்கள் பூசா 44-ஐ விடத் தயங்கியது அறியாமையால் அன்று. கூடுதல் நாள் வெயிலில் நிற்கும் இலை கூடுதல் உணவை ஆக்கும்; அந்த விளைச்சலை அவர்கள் கண்டவர்கள். கூடுதல் நாளுக்கான நீர்விலையை ஏற்பது எவர் என்பதே அங்குள்ள உண்மையான சிக்கல். இலவச மின்சாரம் அவ்விலையை உழவரின் கண்ணுக்குப் புலப்படாமல் ஆக்கிவிட்டது.

எஞ்சிய ஒளிச்சேர்க்கை அத்தியாயம் மட்டும் போதும் என்போர்க்கு மராத்வாடா மறுமொழி கூறும். அந்த அத்தியாயத்தில் சி-4 வழித்தடம் விரிவாக உள்ளது. 1966-இல் ஹாட்ச், ஸ்லாக் ஆகியோர் கரும்பில் அதனைத் தெளிவுபடுத்தினர். சி-4 தாவரம் கார்பன் டை ஆக்சைடைச் செறிவூட்டிப் பயன்படுத்துவதால், சி-3 தாவரத்தின் நீர்ச்செலவில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் குறைவாகவோ செலவிட்டு அதே கார்பனை ஈட்டுகிறது. சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியன இவ்வகையின. ‘சி-4 பயிர் நீரைச் சிக்கனமாகக் கையாளும்’ என்பது ஒரு மதிப்பெண் வினாவுக்கான விடை. அந்த விடையை மட்டும் அறிந்த மாணவர், 2016-இல் மிரஜிலிருந்து லாத்தூருக்கு இரயிலில் குடிநீர் அனுப்ப நேர்ந்ததையும், அதே வட்டாரத்தில் கரும்பு பாசனநீரைப் பெருமளவு எடுத்துக்கொண்டதையும் எவ்வாறு பொருத்துவார்? கரும்பும் சி-4 பயிர்தானே?

விடை, விடுபட்ட பாடத்தில் இருக்கிறது. சிக்கனம் என்பது ஓர் அலகு கார்பனுக்கான நீர். மொத்தச் செலவு என்பது அந்தச் சிக்கனத்தையும், இலைப்பரப்பையும், காற்றின் வறட்சியையும், நிலத்தில் நிற்கும் நாள்களையும் சேர்த்துப் பெறும் தொகை. கரும்பு ஓராண்டும் அதற்கு மேலும் நிலத்தில் நிற்கிறது. கடுங்கோடையையும் பசுமையோடு கடக்கிறது. பேரளவு உயிர்ப்பொருளை ஆக்குகிறது. கம்பும் சி-4 பயிரே. ஆனால் மழைக்காலத்தின் சில மாதங்களில் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒளிச்சேர்க்கையின் வேதியியல் சொல்லாது. 2023-ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது எழுந்த முழக்கங்கள் பலவற்றிலும் இந்த வேறுபாடு காணப்படவில்லை.

‘கனிம ஊட்டம்’ என்னும் அத்தியாயத்தின் நீக்கமும் இதே வகையைச் சார்ந்தது. சைலத்தின் நீரோட்டமே நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் மேலே கொண்டு செல்கிறது. 2021-இல் திரவ நானோ யூரியா அறிமுகமானபோது, 500 மில்லிலிட்டர் குப்பி ஒன்று 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடாகும் என்று கூறப்பட்டது. அக்குப்பியில் 4 விழுக்காடு நைட்ரஜன். அதாவது 20 கிராம். மூட்டையில் 46 விழுக்காடு; அதாவது ஏறக்குறைய 20 கிலோ. ஹெக்டேருக்கு 4 டன் கோதுமை விளைந்தால் அத்தானியத்தில் மட்டும் சுமார் 80 கிலோ நைட்ரஜன் தங்கியிருக்கும். குப்பியிலுள்ள 20 கிராமும் இலைத்துளை வழியே ஒரு துளியும் சிந்தாமல் உட்புகுந்தாலும் அது 20 கிராமே. மண்ணிலிடும் யூரியாவில் பெரும்பங்கு வீணாவது உண்மை. ஆனால் எத்திறன் உயர்வும் 1000 மடங்கு இடைவெளியை நிரப்பாது. இக்கணக்கைச் செய்ய முனைவர் பட்டம் வேண்டியதில்லை. 11ஆம் வகுப்பின் கனிம ஊட்டப் பாடம் போதும். அப்பாடம் இன்று இல்லை.

நீக்கத்தை ஆதரிப்போர் கூறும் காரணங்களைப் புறக்கணிப்பது நேர்மையாகாது. பெருந்தொற்றுக் காலத்தில் மாணவரின் சுமையைக் குறைத்தல், கீழ்வகுப்புப் பாடத்தோடு மேற்பொருந்தும் பகுதிகளைத் தவிர்த்தல், கடினப் பகுதிகளை விலக்கல் ஆகியன குழுமம் தெரிவித்த அளவுகோல்கள். 10ஆம் வகுப்பின் ‘உயிர்ச் செயல்கள்’ பாடத்தில் சைலமும் ஃபுளோயமும் நீராவிப்போக்கும் இன்றும் இடம்பெற்றுள்ளன என்பதும் உண்மை. தாவரவியலைத் தொடர்வோர் கல்லூரியில் விரிவாகப் பயில்வர் என்பதும் உண்மை.

ஆயினும் இவை போதிய விடைகள் அல்ல. 10ஆம் வகுப்புப் பாடம், வேர் நீரை உறிஞ்சுகிறது, இலை ஆவியை வெளிவிடுகிறது என்று நிகழ்வுகளைப் பெயரிடுகிறது. கார்பன் வரவுக்கும் நீர்ச்செலவுக்கும் உள்ள பேரத்தை அளவோடு விளக்க அவ்வயதின் வேதியியலும் இயற்பியலும் இடம் தருவதில்லை. நீர் இயல்திறன், விரவல், சவ்வூடு பரவல் ஆகிய கருத்துகளைக் கையாளத்தக்க முதல் வகுப்பு 11ஆம் வகுப்பே. கல்லூரியைப் பொறுத்தவரை, தாவரவியலைத் தேர்வோர் மிகச் சிலர். நாளைய ஆட்சியரும் மருத்துவரும் பாசனப் பொறியாளரும் வங்கியாளரும் தாவர உடலியலை ஓரளவேனும் ஆழ்ந்து சந்திக்கும் கடைசி இடம் பள்ளியே. கடினம் என்னும் காரணமோ இன்னும் வலுவற்றது. கால்வின் சுழற்சியின் இடைப்பொருள்களைவிட நீர்க்கடத்தல் கடினமானதன்று. தங்கியது மனப்பாடத்திற்கு இசைந்த பகுதி. விலகியது காரணகாரியம் கேட்கும் பகுதி. கொள்குறி வினாத்தாளின் வசதி இத்தேர்வில் பங்காற்றியிருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

பழைய அத்தியாயத்தை அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என்பதும் சரியான கோரிக்கை ஆகாது. அதிலும் குறை இருந்தது. கடத்தல், கனிம ஊட்டம், ஒளிச்சேர்க்கை என மூன்று தனி அறைகளாக வைத்ததால்தான் இரண்டைப் பூட்டி ஒன்றை மட்டும் திறந்து வைப்பது எளிதாயிற்று. இலைத்துளையை மையமாகக் கொண்டு மூன்றையும் ஒரே அத்தியாயமாக எழுதியிருந்தால் இந்த வெட்டு நேர்ந்திருக்காது. 2023-ஆம் ஆண்டின் பள்ளிக் கலைத்திட்டச் சட்டகத்தின் அடிப்படையில் புதிய பாடநூல்கள் படிப்படியாக உருவாகி வரும் இக்காலமே அதற்கு ஏற்ற காலம்.

அத்தகைய அத்தியாயத்திற்கு விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. காசித்தும்பைத் தண்டைச் செம்மை நீரில் நிறுத்தினால் சைலத்தின் வழி கண்ணுக்குத் தெரியும். கிளையொன்றை நெகிழிப்பையால் கட்டி வெயிலில் விட்டால் சேரும் நீரை எடைபோடலாம். அதே கிளையை நிழலிலும் ஈரக்காற்றிலும் அளந்து ஒப்பிடலாம். அந்த எடையையும் அவ்வட்டாரத்தின் ஒரு பயிரையும் இணைத்து, ஒரு பருவத்தில் ஒரு வயல் எவ்வளவு நீரைக் காற்றுக்கு அளிக்கிறது என்று மாணவரே மதிப்பிடலாம். ஸ்டீபன் ஹேல்ஸ் 1727-இல் வெளியிட்ட நூலில் சூரியகாந்திச் செடியை நாள்தோறும் நிறுத்து அளந்த முறையும் ஏறக்குறைய இதுவே. தராசும் பொறுமையும் மட்டுமே அவருக்குத் தேவைப்பட்டன.

கல்விப்புலத்தினர் இதில் பார்வையாளராக இருந்துவிட இயலாது. பாடநூற்குழுக்களில் இடம்பெறும் தாவரவியல் பேராசிரியர்கள், இளநிலை வகுப்புகளில் முதலாண்டு மாணவர்களைச் சந்திக்கும் ஆசிரியர்கள், போட்டித்தேர்வுக்கு வெளியிலும் உயிரியல் உண்டு என்று அறிந்த ஆய்வு மாணவர்கள் ஆகியோர்க்கு இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. 2022-க்குப் பின் 11ஆம் வகுப்பை முடித்துக் கல்லூரிக்கு வந்துள்ள மாணவர்களிடம் நீர்க்கடத்தல் அறிவு இருக்கிறது என்று கருதிக்கொண்டு விரிவுரையைத் தொடங்குவது இனிப் பொருந்தாது. பாடநூல் திருந்தும்வரை அந்த இடைவெளியை நிரப்பும் பணி முதலாண்டு வகுப்பறையையே சாரும்.

ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை 24 இலட்சம் மாணவர் பிழையின்றி எழுதலாம். அதில் நீர் ஒரு குறியாக, அளவற்றுக் கிடைக்கும் பொருளாக, அம்புக்குறியின் இடப்புறத்தில் நிற்கும். லூதியானாவில் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தும் உழவருக்கு அது அளவற்றது அன்று. அவர் வயலில் 1-க்கு 400 என்ற கணக்கு ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருக்கிறது. அக்கணக்கைப் பாடநூல் மீண்டும் சொல்லத் தொடங்குவதற்குள் அங்கு நீர்மட்டம் இன்னும் எவ்வளவு இறங்கியிருக்கும் என்பதே பாடநூல் எழுதுவோர் எதிர்கொள்ள வேண்டிய வினா.